ஐந்துகாலன் இருந்த பாட்டில்

உலகம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை என் மாமா அளவுக்கு உயிர்களைக் கொன்ற மனிதர் பிறக்கவில்லை. கண்டம் விட்டுக் கண்டம் படை நடத்திப் போன ராஜாக்கள், கொள்ளைநோய்கள், பெருவெள்ளங்கள் எல்லாவற்றையும் ஒரு வரிசையில் நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கம் மாமாவை மட்டும் நிறுத்தினால் போதும். அவர்கள் தலை குனிந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர்கள் ஆயுள் முழுக்கச் செய்ததை மாமா ஒரே வாரத்தில், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, நடுநடுவே டீ குடிக்கவும் போய்வந்து, சத்தமில்லாமல் முடித்திருக்கிறார். அவர் கொன்றவற்றை வரிசையாகப் படுக்க வைத்தால் நிலாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும் என்று ஒருநாள் நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள்; கணக்கு என்னை ஏழாம் வகுப்பிலேயே விட்டுவிட்டது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாமா, திரும்பாமலே, "நிலா வரைக்கும் போகாது. ரயில்வே கேட்டைத் தாண்டும்" என்றார். அந்த வாரத்தில் அவர் பேசிய மொத்தமும் அதுதான்.

கொன்றது வண்டுகளை. அரிசியில் இருக்குமே, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு நீள மூக்கோடு, அந்த வண்டு.

மாமா என் அம்மாவின் தம்பி. ஒரு தானியக் கிடங்கில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். கூரை வரைக்கும் மூட்டைகள் அடுக்கியிருக்கும். குத்தூசி என்று ஒன்று உண்டு. குழாயின் நுனியைச் சாய்வாகச் சீவிவிட்ட மாதிரி இருக்கும். அதை மூட்டையில் செருகி இழுத்தால் சாக்கு கிழியாமல் உள்ளிருந்து ஒரு பிடி தானியம் வரும். அதைச் சல்லடையில் போட்டு ஆட்டி, கீழே வெள்ளைத் தட்டில் விழுகிற வண்டுகளை எண்ணுவது அவர் வேலை. கிலோவுக்கு இரண்டுக்கு மேல் இருந்தால் அடுக்கு முழுவதையும் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மணல் பைகளை வைத்து அழுத்தி, உள்ளே விஷ மாத்திரைகளை வைத்துவிடுவார்கள். ஏழு நாள். எட்டாம் நாள் திறந்து மறுபடியும் குத்தி, மறுபடியும் சலித்து, மறுபடியும் எண்ண வேண்டும். நோட்டில் இரண்டு கட்டம்: செத்தது, உயிருள்ளது. இரண்டாவது கட்டத்தில் பூஜ்யம் விழுந்தால்தான் லாரி நகரும்.

இதில் ஒரு சிக்கல். இந்த வண்டு நடிக்கும். லேசாகத் தட்டினாலே போதும், ஆறு கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, மூக்கை மார்போடு ஒட்டிக்கொண்டு, செத்த மாதிரி கிடக்கும். எனக்குத் தெரிந்து இவ்வளவு அழகாக நடிக்கிற ஆள் பள்ளிக்கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அதனால் தட்டில் கொட்டியதும் எண்ணக் கூடாது. இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு வாயைக் குவித்து மெதுவாக, வெதுவெதுப்பாக ஒரு மூச்சு விட வேண்டும். நிஜமாகச் செத்தது அசையாது. மற்றது எழுந்து நடக்கும்.

அந்த இரண்டு நிமிடத்தில் மற்ற ஆட்கள் பீடி பற்றவைப்பார்கள், முதலாளியைத் திட்டுவார்கள். மாமா தட்டையே பார்த்தார். பத்தொன்பது வருடம் பார்த்தார். அங்கேதான் அவர் கெட்டுப்போனார்.

அவர் பார்த்தது என்னவென்றால், அந்த மூக்கின் நுனியில் வாய் இருக்கிறது. பெண் வண்டு ஓர் அரிசியைத் தேர்ந்தெடுத்து, அந்த மூக்கால் நாள் முழுக்கத் துளைத்து, துளைக்குள் ஒரே ஒரு முட்டை வைத்து, வாசலைத் தன் உடம்பிலிருந்து வரும் பசையால் பூசி மூடிவிடுகிறது. பூசினது தெரியாது. எத்தனை கழுவினாலும் தெரியாது. உள்ளே பிறக்கிற குஞ்சுக்கு வீடும் அதுதான், சாப்பாடும் அதுதான். சுவரைத் தின்று தின்று வளர்ந்து, தின்ன மிச்சமில்லாதபோது ஒரு ஜன்னலை வெட்டிக்கொண்டு வெளியே வரும். ஓர் அரிசிக்குள் ஒரு குடித்தனம். இதை மாமா டீக்கடையில் சொன்னார். "அப்போ நாம சாப்பிடறது சோறா, காலனியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அன்றிலிருந்து கிடங்கில் அவர் பெயர் ஜோசியர். சோழி உருட்டிப் பார்க்கிறவர் மாதிரி தட்டை வைத்துக்கொண்டு முகம் மாறாமல் உட்கார்ந்திருப்பார் அல்லவா, அதனால்.

ஒரு சாயங்காலம் மாமா ஒரு துணிப்பையும் ஒரு ஜாம் பாட்டிலுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முன்னறையில் அம்மா பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். நான் காஜா எடுத்துப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா என்று ஒருவர் உண்டு. அவர் வேறு வீட்டில் வேறு ஆட்களுக்கு அப்பாவாக இருக்கிறார், அவருக்கு இதில் வேலை இல்லை.

"என்னடா திடீர்னு?" என்றாள் அம்மா, மிதிப்பதை நிறுத்தாமல்.

"வேலை போயிடுச்சுக்கா."

மிஷின் நின்றது.

அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய எண்ணூறு மூட்டையிலும் வண்டு. அவ்வளவுதான் அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது. பின்னறையை அவருக்கு ஒழித்துக்கொடுத்தோம். ஒரு கட்டில், ஒரு கொடி, சந்துப் பக்கம் பார்த்த ஒரு ஜன்னல். மத்தியானத்தில் மட்டும் ஒரு மணி நேரம் அதில் வெயில் வந்து எதிர்ச் சுவரில் விழும். மாமா அந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அப்படியே படுத்திருந்தார்.

இரண்டு வாரம் பார்த்தேன். மூன்றாவது வாரம் என் கைவரிசையைக் காட்டினேன். கொடியில் கிடந்த அவருடைய முழுக்கைச் சட்டையை எடுத்து இரண்டு கைகளின் நுனியையும் மிஷினில் கொடுத்து மூடித் தைத்துவிட்டேன். கையை விட்டுப் பார்த்துக் கத்துவார், துரத்துவார், அந்தச் சாக்கில் கட்டிலை விட்டு எழுந்துவிடுவார் என்பது என் திட்டம். மாமா சட்டையைப் போட்டார். கைகள் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் அந்த மூடிய நுனிகளைப் பார்த்தார். பிறகு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார், இரண்டு பைக்குள் கையை விட்டவர் மாதிரி. மத்தியான வெயில் வந்து, சுவரில் ஏறி, போய்விட்டது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் நான்தான் கத்தரியோடு போய் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து தையலைப் பிரித்தேன்.

"நல்ல தையல்" என்றார். "உங்க அம்மாவை விடப் பொடியா விழுது."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை அடித்திருக்கிறார்கள். எதுவும் அந்த அளவுக்கு வலித்ததில்லை.

பாட்டில் அவர் தலைமாட்டில் இருந்தது. பாதி அரிசி. வாயில் மெல்லிய துணி கட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். உள்ளே பதினொரு வண்டுகள். அம்மாவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

"வீட்டுல அரிசி இருக்கு. வண்டையும் வளக்கறோம். அடுத்தது எலிக்குத் தொட்டில் கட்டலாம்" என்பாள் மிஷினைப் பார்த்து. ஒருநாள் மிஷினை விட்டுவிட்டு நேராக அவரிடமே போனாள். "அது பாட்டிலா, உன் பிள்ளையா? தூக்கிப் போடுடா வெளியே."

மாமா சுவரிடம் பேசினார். "இதுங்க இருக்கிற வரைக்கும் இருக்கேன்க்கா. அப்புறம் கிளம்பிடறேன்."

"கிளம்பி எங்கே போவ?"

மாமா கையை நீட்டிப் பாட்டிலின் ரப்பர் பேண்டைச் சரிசெய்தார். அம்மா திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்து, முதல் மிதியிலேயே ஊசியை உடைத்தாள். அடுத்த நாள் நானும் அவளுமாக மிஷினை இழுத்துத் திருப்பிப் போட்டோம், பின்னறைக் கதவு தெரிகிற மாதிரி. வெளிச்சம் முதுகுப் பக்கம் விழுந்தது, தையலுக்கு அது ஆகாது. அதற்குப் பிறகு அம்மா பாட்டிலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். கிடங்கு நோட்டு மாதிரியே இரண்டு கட்டம். தினம் காலையில் பாட்டிலை மடியில் சாய்த்து எண்ணி எழுதுவார். எண்ணி முடித்த பிறகுதான் ஒரு வாய் சாப்பிடுவார். அவர் குளிக்கப் போகும்போது நான் அந்த நோட்டைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். உயிருள்ளது 11. உயிருள்ளது 11. உயிருள்ளது 9.

இதற்கு நடுவில் கிடங்கு சூப்பர்வைசர் வந்தார். செய்தித்தாளில் சுற்றிய குத்தூசியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். "பழைய சாமானெல்லாம் எடைக்குப் போட்டாங்க. இது உன் கைல இருந்ததாச்சேன்னு எடுத்துட்டு வந்தேன், ஜோசியரே." அம்மா டீ கொடுத்தாள். மனிதர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"என்னை மாத்திட்டாங்க. முன்னூறு கிலோமீட்டர். மூணு பசங்க, படிப்பு எல்லாம் இங்கே. சரி விடு. திட்ட வரலை."

மாமா எழுந்து உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரில லாரியை விட்டு இறக்கும்போதே மூட்டை மேல வண்டு நடந்து வருதாம். அந்த ஆஸ்பத்திரிச் சமையல்காரன் போன்ல பேசின பேச்சு இருக்கே, என் பொண்டாட்டிகூட என்னை அப்படித் திட்டினதில்லை. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். பத்தொன்பது வருஷமா ரெண்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம்னு எங்க எல்லார் உயிரையும் எடுத்தவன் நீ. அன்னைக்கு மட்டும் ஏன் காத்திருக்கலை?"

"காத்திருக்கலைன்னே வெச்சுக்குங்க."

"வெச்சுக்குங்கன்னா?"

மாமா குத்தூசியைச் செய்தித்தாளில் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார்.

"நடிச்சதைப் பாத்து செத்துடுச்சுன்னு ஏமாந்துட்டான், அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன். வேற என்னத்த எழுதறது" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போனார். டீ அப்படியே இருந்தது.

நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். "ஏன் மாமா, உங்களையே ஒரு வண்டு ஏமாத்திடுச்சா? முன்னாடியே சொல்லியிருந்தா நான் அதுகிட்ட சிஷ்யையா சேந்திருப்பேனே."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"ஏமாறலை" என்றார். "ரெண்டு நிமிஷம் காத்திருந்தேன். தட்டுல நாப்பத்து மூணு. ஊதினேன். நாப்பத்திரண்டு அசையலை. ஒண்ணு எந்திரிச்சுது."

"எந்திரிச்சுதா?"

"ஏழு நாள் அந்தக் காத்துக்குள்ள இருந்திருக்கு. மனுஷனால அதுக்குள்ள பத்து நிமிஷம் நிக்க முடியாது. ஒரு கால் வேற இல்லை. அஞ்சு கால்ல, தட்டோட ஓரம் வரைக்கும் நடந்துச்சு. அங்கே நின்னு முன்னங்காலால மூக்கைத் துடைச்சுக்கிட்டுது. தூசி ஒட்டியிருக்கும் போல."

"அப்புறம்?"

"உயிருள்ளது ஒண்ணுன்னு எழுதினா மறுபடியும் மூடணும். மறுபடியும் ஏழு நாள். பூஜ்யம்னு எழுதிட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"ஏன் மாமா?"

"அதான் எனக்கும் விளங்கலை." அவர் குத்தூசியை மடியில் உருட்டினார். "பத்தொன்பது வருஷமா செத்ததை எண்ணினேன். ஒண்ணு எந்திரிச்சு வந்துச்சு. அதைப் பாத்தவன் நான் ஒருத்தன்தான். இல்லைன்னு நானே மறுபடி ஆக்கணுமா? அன்னைக்குச் சாயங்காலம் இன்னும் சலிச்சேன். உயிரோட பத்து கிடைச்சுது. எல்லாத்தையும் பாட்டில்ல போட்டு எடுத்துட்டேன்." குத்தூசியைக் கீழே வைத்துவிட்டு, "அவருக்கு மூணு பசங்க" என்றார். "அந்த ஆஸ்பத்திரியில அன்னைக்கு எத்தனை பேர் சாப்பிடலையோ. ஒரு வண்டைப் பாத்து வாயைப் பொளந்துட்டு நின்னதுக்கு."

பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "இதாவது நல்லா வாழ்ந்துச்சா? பாரு. ஒரு அரிசில துளை இல்லை. முட்டை வைக்கலை. ஒண்ணொண்ணா சாகுது. பிழைச்சு வந்துச்சு, அதோட சரி. அதுக்கு மேல என்ன பண்றதுன்னு அதுக்கும் தெரியலை."

நான் பழக்கதோஷத்தில் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. இருமுகிற மாதிரி நடித்து முன்னறைக்கு வந்துவிட்டேன். அம்மா குனிந்து நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

உயிருள்ளது 7. உயிருள்ளது 4. மழைக்காலம் வந்து அரிசி நமுத்துப்போனது. உயிருள்ளது 3. மாமா தாடியை மழிப்பதை நிறுத்தினார். சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது. அந்த நோட்டில் அவர் எண்ணியது வண்டுகளை அல்ல என்று ஒன்பதாம் வகுப்பு படித்தவளுக்கே புரிந்தது. காலண்டர் கிழிக்கிற மாதிரி கிழித்துக்கொண்டிருந்தார்.

உயிருள்ளது 1 என்று எழுதிய அன்றைக்கு நான் எங்கள் அரிசி டின்னைத் திறந்தேன். எப்போதும் அதில் நாலைந்தாவது ஊரும். அன்றைக்குத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடியும் ஒன்றுகூட இல்லை. அம்மா அப்போதெல்லாம் ஜன்னலோரம் தட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அரிசி பொறுக்குவாள். அவள் சுத்தம் இப்படி உபத்திரவமாக வந்து முடிகிறதே என்று திட்டிக்கொண்டேன். தெருமுனை மளிகைக்கடைக்குப் போனேன்.

"வண்டு இருக்கா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை நன்றாக அறிந்தவர். முன்பொருமுறை அவர் கல்லாப்பெட்டிக்குள் பல்லி பொம்மை வைத்திருக்கிறேன். "எங்க கடைல வண்டு இருக்குன்னு ஊர் பூரா சொல்லத்தானே? போயிடு."

"இல்லைன்னு சொன்னா நம்பறேன். அந்தப் பழைய மாவு மூட்டையைக் காட்டுங்க, நானே பாத்துக்கறேன்."

எதற்கென்று கேட்டார். ஆராய்ச்சி என்றேன். நான் ஆராய்ச்சி செய்வதைவிடக் கடையில் வண்டு இருப்பதே நம்பும்படியாக இருந்ததால் விட்டுவிட்டார். மூட்டையின் அடியில் நாலு பிடித்தேன். கொஞ்சம் சிவப்பாக, சப்பையாக இருந்தன. ஆளுக்கு ஆள் நிறம் மாறுவதில்லையா, அதுபோல என்று சமாதானம் செய்துகொண்டேன். மாமா குளிக்கும்போது துணியைத் தூக்கி உள்ளே போட்டேன்.

ஒன்றோடு நாலு, ஐந்து. மறுநாள் நோட்டைத் திறந்தால் உயிருள்ளது 9 என்று எழுதியிருந்தது. என் கணக்கு என்றைக்கு ஒழுங்காக இருந்திருக்கிறது? பிடிக்கும்போதே தப்பாக எண்ணியிருப்பேன்.

அன்றைக்கு மாமா ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார். அவ்வளவுதான். ஒரு கவளம்.

அதன்பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை இது என் தொழிலாகிவிட்டது. ஒரே ஒரு பயம் இருந்தது. பாட்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஐந்துகாலன் கண்ணில் படவில்லை. மாமா எப்படியும் அதைத் தேடுவார். அதனால் ஒரு மத்தியானம் ஒரு வண்டை வெள்ளைத் துணியில் விட்டு, பட்டன் ஊசியை எடுத்தேன். ஒரு காலை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. என்னிடம் ஒரு கால் என்ன கணக்கு? எத்தனை பொம்மைகளின் தலையைத் திருகியிருக்கிறேன்.

ஊசி நுனி பட்டதும் அது கால்களை மடக்கிக்கொண்டு உருண்டது. இப்போது எடுக்க முடியாது. விரியட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் நான் எதற்கும் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. முதலில் ஒரு மீசை வெளியே வந்தது, யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் ஒரு கால். அப்புறம் அதற்கு எதிர்ப்பக்கக் கால். எழுந்து, கொஞ்சம் நின்று, துணியின் நூலிழைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி என் கட்டைவிரல் பக்கம் நடந்து வந்தது. நகத்தில் ஏறியது. நான் ஊசியைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. என் பெயர் என்னாவது.

நேற்று மத்தியானம் நடந்தது இது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நாலு வண்டுகளைக் கைக்குள் மூடிக்கொண்டு பின்னறைக்குப் போய்ப் பாட்டிலின் ரப்பர் பேண்டைக் கழற்றினேன். தண்ணீர் சட்டென்று நின்றது. தாழ்ப்பாள் சத்தம். மாட்டிக்கொண்டால் நான் எப்போதும் செய்வதைச் செய்தேன்: கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த பாயில் விழுந்து, கண்ணை மூடி, வாயைப் பாதி திறந்து, கொஞ்சமாகக் குறட்டையும் விட்டேன்.

மாமா வந்தார். கட்டில் கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. நகரவுமில்லை. என் கைக்குள் ஒன்று விரலிடுக்கில் ஊர்ந்தது. பல்லைக் கடித்தேன். இன்னொன்று உள்ளங்கைக்கு நடுவில் நடந்தது. முன்னறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். எனக்குச் சந்தேகம் வந்தபோது, ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

நெற்றியில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சுப் பட்டது.

என் இமை துடித்துவிட்டது.

"உயிருள்ளது" என்றார் மாமா. "எந்திரி. கையைத் திற."

எழுந்து உட்கார்ந்து திறந்தேன். நாலும் உள்ளங்கையில் காலை மடக்கிக்கொண்டு கிடந்தன, என்னைவிட நன்றாக நடித்துக்கொண்டு.

"இதுக்கு மூக்கு எங்கே?"

நான் பார்த்தேன். முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். மூக்கு இல்லை. தலை இருந்தது, முகம் இருந்தது. தும்பிக்கை மாதிரி ஒன்றும் இல்லை.

"இது மாவு வண்டு. அரிசியைத் துளைக்க வேண்டியதில்லை, அதனால மூக்கும் இல்லை. இருபத்தாறு நாளா கொண்டாந்து போட்டுட்டு இருக்க."

வாதாடாமல் விட்டால் நான் நானல்ல. "பாட்டில்ல மூக்கு உள்ளதும்தானே இருக்கு மாமா. அதெல்லாம் பழசு. நான் துணைக்கு நாலு போட்டேன், அவ்வளவுதான்."

"மூக்கு உள்ளது உங்க அம்மா போட்டது."

முன்னறையில் மிஷின் நின்றது.

நான் அரிசி டின்னை நினைத்தேன். ஜன்னலோரத் தட்டை நினைத்தேன். அரை மணி நேரம் பொறுக்கியது அரிசியை அல்ல. முன்னறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அம்மா மூச்சுக்கூட விட்டதாகத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் இது நன்றாக வரும் போலிருக்கிறது.

மாமா நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். கண்ணாடி மாதிரியான ஒட்டுத்தாளுக்கு அடியில் ஐந்துகாலன். ஐந்து காலையும் ஒழுங்காகப் பிரித்து ஒட்டியிருந்தார். கீழே தேதி.

"கடைசியா இருந்தது அது ஒண்ணுதான். காலையில அரிசி மேலேயே அசையாம கிடந்துச்சு. வெளியே எடுத்து வெச்சேன். ரெண்டு நிமிஷம் காத்திருந்தேன். பத்து நிமிஷம் காத்திருந்தேன். ஊதினேன். சரி, முடிஞ்சுதுன்னு பையைக்கூட எடுத்து வெச்சுட்டேன்." அவர் குரலில் ஏற்ற இறக்கம் எதுவுமில்லை. "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை எண்ணிடுவோம், நோட்டு சரியா இருக்கணும்னு பாட்டிலைச் சாய்ச்சுப் பாத்தேன். அரிசிக்கு அடியில ஒன்பது நடந்துட்டு இருக்கு."

"செத்துப் போனது எந்திரிச்சிடுச்சுன்னு நெனச்சீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா? பாத்ததுமே தெரிஞ்சுது. நாலுக்கு மூக்கில்லை, அஞ்சுக்கு இருக்கு. ரெண்டு பேர் வேலை. ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம."

"அப்போ ஏன் சொல்லலை? இத்தனை நாள் எதுக்கு எண்ணிட்டு இருந்தீங்க?"

மாமா நோட்டை மூடினார். "இன்னைக்கு எத்தனை போடுவீங்கன்னு பாக்கலாம்னுதான். அப்புறம், நாளைக்கு எத்தனைன்னு." பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "இதனால எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்காத. உங்க அம்மாகிட்டயும் சொல்லு. ஒண்ணும் சரியாகலை. காலைல கண்ணு முழிச்சா ஏன் முழிச்சோம்னுதான் இருக்கு. அந்த மூணு பசங்க ஞாபகம் வருது. அது மாறலை."

"சரி மாமா."

"கைல இருக்கிறதை உள்ளே போட்டு மூடு."

அவர் படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகெலும்பு சட்டைக்கு மேலே வரிசையாகத் தெரிந்தது. ஜன்னலில் மத்தியான வெயில் வந்திருந்தது. நான் பாட்டிலின் துணியை விலக்கி, உள்ளங்கையைச் சாய்த்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். துணியைக் கட்டி ரப்பர் பேண்டைப் போட்டேன்.

"எத்தனை போட்ட?" என்றார் சுவரைப் பார்த்தபடி.

"நாலு."

"சுவத்துல உன் நிழல் விழுதுடீ வாலு. மூணு தடவைதான் கையைச் சாய்ச்ச. நாலாவதை யாரு பாக்கறதுக்கு எடுத்து வெச்சிருக்க?"